இரண்டு தரம் மணி அடித்தால் போகலாம்

க்வார்ட்ஸைட், அரிசோனா
1974 ஜனவரி 15

ஆர்டித்,

நீ உயிரோடு இருக்கிறாய், தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் தங்கை லவோன் போனில் சொன்னாள். நல்லது. போனை அவளிடம் கொடு என்றேன். "அவ பேச மாட்டாளாம், வெண்டல். வேணும்னா எழுதச் சொல்றா. அதுவுமில்லாம இது நாலு வீட்டுக்கும் ஒரே லைன், எல்லாம் ஒட்டுக் கேக்கும், ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். அப்போது லைனில் யாரோ இருமினார்கள். அது லவோன் இல்லை. அதனால் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் பிரிந்து இருந்ததே இல்லை. உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமும் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் மறுநாள் ஞாயிறு எல்லா பங்க்கும் மூடிவிடும் என்பதால் கீலா பெண்டில் வரிசை நெடுஞ்சாலை வரை நின்றது. நீ முதுகு வலி என்று பின்னால் டிரெய்லரில் படுத்திருந்தாய். லாஸ் க்ரூசஸிலிருந்தே அங்கேதான் படுத்திருந்தாய், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சரி. பெட்ரோல் போட்டேன், எண்ணெய் பார்த்தேன், பிக்கப்பில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். மணி அடித்தது. இரண்டு தரம். தெளிவாகக் கேட்டேன், ஆர்டித். கிளம்பும் முன் டிராக்டர் ஒயரை இழுத்து அந்த மணியை நான்தான் மாட்டினேன். உன் கட்டில் பக்கத்தில் பொத்தான், என் காலடியில் மணி. நீளமாக அடித்தால் நிறுத்து, சின்னதாக இரண்டு தரம் அடித்தால் போகலாம். நீ போகலாம் என்றாய். போனேன்.

க்வார்ட்ஸைட் வரை எங்கும் நிற்கவில்லை. இங்கே வந்து, வண்டியைச் சமன் செய்து, காபி போட்டு, ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கட்டிலில் கம்பளி மட்டும் கிடந்தது.

டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு கீலா பெண்டுக்குத் திரும்பி ஓடினேன். நான் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. பங்க்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அந்தம்மாவா? நாலு மணி பஸ்ல போயிட்டாங்களே" என்றான்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. மணி அடித்து என்னை அனுப்பிவிட்டு நீ ஏன் இறங்கிப் போனாய்? போவதென்றால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. இங்கே எல்லாரிடமும், உன் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். லவோனிடம் சொல்லிவிடு, கொஞ்சம் நொண்டட்டும்.

எனக்கு எழுதினால் இந்த ஊர் தபால் நிலையத்துக்கே எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

வெண்டல்

*

க்ரீட், நெப்ராஸ்கா
ஜனவரி 21

வெண்டல்,

நான் எந்த மணியையும் அடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று குழந்தைகளோடு ஒருத்தி நின்றாள். மூன்றுக்கும் தனித்தனியாகக் கோட்டைக் கழற்றி, தனித்தனியாக மாட்டி, அதில் ஒன்று செருப்பை உள்ளே போட்டுவிட்டு அழுதது. வெளியே வந்தால் நீ இல்லை. என் கைப்பையோடு நடு ரோட்டில் நிற்கிறேன். கோட்டு கூட உன்னோடு போய்விட்டது. பக்கத்துக் காபிக் கடையில் ஒரு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டேன், ஜன்னலையே பார்த்துக்கொண்டு. நீ திரும்பவில்லை. பஸ் வந்தது. ஏறினேன். இதில் உனக்கு என்ன புரியவில்லை?

எனக்குத்தான் ஒன்று புரியவில்லை. கிளம்பும் முன் டிரெய்லர் கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாமே. அல்லது வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, ஆர்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாமே. அவ்வளவு தூரம் நிற்காமலேயே போயிருக்கிறாய். அந்தப் பாதையில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது என்றாலும் நிறுத்த இடமா இல்லை?

லாஸ் க்ரூசஸிலிருந்து நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியாதா? உண்மையிலேயே தெரியாதா? அங்கே துணி துவைக்கும் இடத்தில் அயோவாக்காரர் ஒருவர், காதில் முடி வளர்ந்தவர், என்னிடம் வந்து, "கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோசம்! ஊருக்கே திரும்பப் போறதில்லையாமே, இங்கயே இருந்துடப் போறீங்களாமே, ஒங்க வீட்டுக்காரர் சொன்னார்" என்று கையைக் குலுக்கினார். நான் உன் ஈரமான உள்பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று சிரித்தேன். ஆமாம் என்று!

நீ என்னிடம் சொன்னது, குளிருக்கு மட்டும் தெற்கே போவோம், ஏப்ரலில் திரும்புவோம் என்று. அதை நம்பித்தான் என் வீட்டை மூடிவிட்டு வந்தேன். என் வீட்டில் நான் திரும்ப வாழப்போகிறேனா இல்லையா என்பது, காதில் முடி வளர்ந்த அயோவாக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

லவோன் நொண்ட மாட்டாளாம். உன் பொய்க்கு நீயே நொண்டு என்கிறாள்.

ஆர்டித்

*

க்வார்ட்ஸைட்
ஜனவரி 26

ஆர்டித்,

அயோவாக்காரரிடம் சொன்னது உண்மைதான். நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம், ஆளாளுக்கு ஏதேதோ சொன்னார்கள், என் வாயும் சும்மா இருக்கவில்லை. முன்கூட்டி யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான், அட, இது என் மனதில் இருந்திருக்கிறதே என்று எனக்கே தெரிந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்தேன். நீ பின்னால் போய்ப் படுத்துக்கொண்டாய். முதுகு வலி என்றாய், முதுகு வலி என்று நம்பினேன். இப்படிப்பட்ட ஆளைத்தான் நீ கட்டிக்கொண்டிருக்கிறாய்.

ஏன் திரும்ப முடியாது என்று கேட்பாய். சொல்கிறேன், சிரிக்காதே. நிலத்தை டுவேன் ஸ்வபோதாவுக்குக் குத்தகைக்கு விட்டோம். நல்ல பையன், நேராக உழுவான். ஏப்ரலில் நம் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே அவன் டிராக்டர் போகும், வரும். நான் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு அதைப் பார்க்கவேண்டும். என்னால் முடியாது, ஆர்டித். வீடு விற்கவில்லை, வீடு நம்முடையதுதான் என்று நீ சொல்வாய். வீட்டுக்குள் நான் என்றைக்கு இருந்தேன்? சாப்பிடவும் தூங்கவும் வந்தேன். இங்கே கல்லும் புதரும்தான். எவனும் எதையும் உழுவதில்லை. பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் மணி விஷயத்தை விடமாட்டேன். நீ அடித்தாய். கீலா பெண்டில் மட்டும் இல்லை. நியூ மெக்சிகோ முழுக்க அடித்துக்கொண்டே வந்தாய். மேடு ஏறும்போது ஒரு சின்ன டிங். பாலம் கடக்கும்போது ஒன்று. நாம் பேசி வைத்ததில் அப்படி ஒரு அடியே கிடையாது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது: கோபத்தில் வாய் பேச மாட்டேன் என்கிறாள், கையால் பேசுகிறாள். அதோ அந்த மலையைப் பார் என்கிறாள். ஒவ்வொரு தரமும் நானும் ஒரு ஹார்ன் அடித்துப் பதில் சொன்னேன். டெமிங் பக்கம் சூரியன் இறங்கும்போது நீ மூன்று நான்கு தரம் தொடர்ந்து அடித்தாய். நானும் அடித்தேன். எதிரே வந்த லாரிக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ராசியாகி வருகிறோம் என்று நினைத்தேன். அதனால்தான் வழியில் நிறுத்தவில்லை. நிறுத்திக் கதவைத் திறந்தால் மறுபடி சண்டை வந்துவிடுமோ என்று பயந்தேன்.

அதை எல்லாம் அடித்துவிட்டு, அடிக்கவே இல்லை என்கிறாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து டிரெய்லரில் அயோலா என்று ஒருத்தி, கனடாவில் சஸ்காச்சவன்காரி, புருஷன் செத்துவிட்டான். தினம் ஒரு பாத்திரத்தில் நூடுல்ஸும் டியூனாவும் வேகவைத்துக் கொண்டுவந்து வைக்கிறாள். "ஒங்க மச்சினி முழங்கால் இன்னுமா ஆறல?" என்று நேற்றுக் கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை.

வெண்டல்

*

க்ரீட்
பிப்ரவரி 2

வெண்டல்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

அந்தப் பொத்தானை மொத்தத்தில் ஒரே ஒரு தரம்தான் அழுத்தினேன். லாஸ் க்ரூசஸ் தாண்டி, வயிற்றைக் கலக்கியது. நீளமாக, விரல் வலிக்க அழுத்தினேன். நீ நிறுத்தவில்லை. ஒரு ஹார்ன் அடித்துவிட்டு இன்னும் வேகமாகப் போனாய். வாளியை வைத்து நான் பட்ட பாட்டை இந்த வயதில் எழுதவேண்டுமா?

அந்த ஹார்ன் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டது. வழியில் போகிற எல்லாரையும் திட்டிக்கொண்டு போகிறான், கோபம் என்மேல், ஹார்ன் அவர்கள்மேல் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். டெமிங்கில் சூரியன் இறங்கியது எனக்குத் தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தேன்.

நீ யாரோடு பேசிக்கொண்டு வந்தாய், வெண்டல்?

நீ இவ்வளவு சொன்ன பிறகு நான் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன கடிதத்தில் எழுதினேனே, வெளியே வந்தால் நீ இல்லை என்று. நீ இருந்தாய். வண்டி அப்போதுதான் பம்பை விட்டு நகர்ந்தது. டிரெய்லரின் பின்பக்கம் எனக்குப் பத்தடி முன்னால் போகிறது. ஜன்னல் திரையில் நான் தைத்த கோழிக்குஞ்சுகள் ஆடுகின்றன. நான் ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியுமே, மூன்றாவது வயலில் நீ இருந்தாலும் சாப்பாட்டுக்கு வா என்றால் கேட்கும். பங்க்காரர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அது ஒங்க வண்டிதானே?"

"இல்ல" என்றேன்.

ஏன் சொன்னேன்? இங்கே வந்து உட்கார்ந்து அதையேதான் யோசிக்கிறேன். கோபமா என்றால், இல்லை, அந்த நேரத்தில் கோபமே இல்லை. காற்று வாங்கியதுபோல இருந்தது. பை சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தக் காற்று நின்றுவிட்டது. அப்புறம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு எப்படி இறங்குவது?

லவோன் என்னைச் சும்மா விடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் வேண்டுமாம், மாத நடுவில் சேரவேண்டும். "சேந்துடு ஆர்டி. அவன் அங்க கல்லப் பொறுக்கிட்டு கெடக்கட்டும். நீ இங்க வீட்டத் தொறந்துக்கிட்டு இரு. ஆளுக்கொரு பக்கம் எத்தன பேரு இருக்கல?" என்கிறாள். அவள் சொல்வது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்தால் நான் திரும்பி வரமாட்டேன். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும். சேருகிறேன் என்றும் அவர்களிடம் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நிற்கிறேன்.

ஆர்டித்

அந்த நூடுல்ஸில் உப்பு அதிகம் இருக்கும். உனக்கு ஆகாது. அந்தக் கனடாக்காரியிடம் சொல்லிவிடு, புரிந்துகொள்வாள்.

*

க்வார்ட்ஸைட்
பிப்ரவரி 7

ஆர்டி,

உன் கடிதம் மதியம் கிடைத்தது. தண்ணீர் பிடிக்க டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்ப இருந்தேன். டிரெய்லரைப் பூட்டிச் சாவி என் பையில். உள்ளே ஈ கூட இல்லை. பிக்கப்பில் ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

இரண்டு தரம் அடித்தது.

இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. யார் இருப்பார்கள்? ஆனாலும் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன், சிரிக்காதே. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இரண்டு தரம். ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். மடக்கு மேசையின் கீல் இடுக்கில் ஒயர் மாட்டி, மேலே உள்ள ரப்பர் தேய்ந்து செம்பு தெரிகிறது. வண்டி உதறினால் கீலில் படும், மணி அடிக்கும். மேட்டில் அடிக்கும், பாலத்தில் அடிக்கும். செம்பும் பாதி அறுந்திருக்கிறது, நீ நீளமாக அழுத்தியது எனக்கு ஒரு சின்ன டிங்காகத்தான் கேட்டிருக்கிறது. அந்த வழியாக ஒயரை ஓட்டியது நான்தான். சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்.

டெமிங்கிலும் அதுதான். அங்கே ரோடு மோசம்.

நான் கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அயோலா வந்து பார்த்துவிட்டு, "ஏன் கூசெரா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். இல்லை, ஒரு ஒயர் என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முழங்கால் பொய் உட்பட. கேட்டுவிட்டு அவள், "நாப்பது வருசமா ஒயர்கிட்டயேதான் பேசிட்டு இருந்தீங்களோ என்னவோ" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இன்னும் வலிக்கிறது.

பங்க்காரரிடம் நீ இல்லை என்று சொன்னதுக்கு நான் கோபப்படவேண்டுமா? பட்டுப் பார்த்தேன், வரவில்லை. பம்பிலிருந்து நகரும்போது கண்ணாடியில் ஒரு தரம் பார்த்திருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். மணி அடித்துவிட்டதே என்று நான் பார்க்கவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை. வேலையில் சேருவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

வெண்டல்

*

க்வார்ட்ஸைட், அரிசோனா
பிப்ரவரி 16

திரு. வெண்டல் கூசெரா,
லவோன் வீடு, க்ரீட், நெப்ராஸ்கா

வெண்டல்,

முகவரியைப் பார்த்து நீ என்ன முழி முழிப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஒயர் கடிதம் கையில் கிடைத்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் போய், மன்னிக்கவும், வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். லவோன் பேசவில்லை, கதவைச் சாத்துகிற சத்தத்தில் பேசினாள். உனக்கு எழுதிப் பதில் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. பஸ் ஏறினேன். நேற்று மதியம் தூசியோடு தூசியாக இங்கே வந்து இறங்கி, வழி கேட்டு வழி கேட்டு வந்தால், உன் இடத்தில் ஒரு ஒரிகான்காரர் நாற்காலி போட்டு ஷேவ் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்து டிரெய்லரிலிருந்து ஒரு பெரிய பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயோ கடவுளே, நீங்களா! அந்த மனுசன் செவ்வாக்கெழமையே டிரெய்லரையும் இழுத்துக்கிட்டு நெப்ராஸ்காவுக்குப் போயாச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அயோலா நல்லவள். உப்புதான் அதிகம்.

கடையில் இருக்கிற போனிலிருந்து லவோனைக் கூப்பிட்டேன். "ஒம் புருசன் இங்கதான் உக்காந்திருக்கான். பனியில டிரெய்லர இழுத்துக்கிட்டு வந்து என் வேலிய ஒடச்சிட்டு, நான் சுட்ட கோலாச்சி பன் மொத்தத்தையும் தின்னுட்டு, ஆர்டி எங்க ஆர்டி எங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கான்" என்று கத்தினாள். அப்புறம் நீ வந்தாய்.

"ஆர்டி? எங்க இருக்க?"

"நீ இருந்த எடத்துல."

"நான் ஒன்னத் தேடி இல்ல வந்தேன்."

"நான் மட்டும்?"

லைனில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நீயா, அந்த நாலு வீட்டில் ஒன்றா தெரியவில்லை. சில்லறை தீர்ந்துவிட்டது. அதனால் மீதியை எழுதுகிறேன்.

திரும்ப மாட்டேன் என்ற நீ பனியில் நிற்கிறாய். ஏப்ரலில் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்ற நான் கல்லும் புதருமாகக் கிடக்கிற இடத்தில் அடுத்தவள் டிரெய்லரில் உட்கார்ந்து எழுதுகிறேன். யார் சொன்னது நடந்தது, யார் தோற்றார்கள், எனக்குக் கணக்கு வரவில்லை. இங்கே நீ சொன்ன அந்த நிம்மதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் மலை சிவந்தது. பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். உடனே கிளம்பி வராதே. நான் மறுபடி பஸ் ஏறவும் மாட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் சாகிறவரை ரோட்டில்தான் இருப்போம். லவோனிடம் சாவி இருக்கிறது. போய் நம் வீட்டைத் திற. அடுப்படி ஜன்னல் பக்கத்தில் உட்கார். டுவேன் இப்போது உழ மாட்டான், பனிதான் தெரியும். இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு காபி குடி. முடிகிறதா பார். முடிந்தால் முடிகிறது என்று சொல், முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல். அயோவாக்காரரிடம் இல்லை, என்னிடம். அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. சேர்ந்து உட்கார்ந்து குழம்புவோம். தனித்தனியாகக் குழம்பி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த ஒயரைப் பிடுங்கி எறி. வரும்போது முன்னால், உன் பக்கத்தில் இடம் காலியாக இருக்கட்டும். வழியைத் தவறவிட்டு நீ இந்த முகாமைத் தாண்டிப் போகிற மாதிரி தெரிந்தால் நான் கத்துவேன், வெண்டல். ஒரிகான்காரர் ரேசரைக் கீழே போட்டாலும் பரவாயில்லை, தொண்டை கிழியக் கத்துவேன்.

ஆர்டி